ரக் விற்கிற கடையும் வாசர் வைத்திருக்கிற கடையும்

திருகோணமலையில் ரூஃப் ரக் (வாகனக் கூரையில் சாமான் கட்டுகிற சட்டம்), கூடாரம், 12 வோல்ட் பிரிட்ஜ் என்று பயணச் சாமான் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வந்தவரை உட்காரவைத்துச் சோடா கொடுத்தால் மட்டும் நல்ல கவனிப்பு ஆகிவிடாது. பில் போட முதல் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

என்ன வாகனம்? பழைய டொல்பின் வானின் கூரையோரம் மழைத்தண்ணீர் வடிகிற பீலி இருக்கும், அதைக் கவ்வுகிற ரக் கால் போதும். வகன் ஆர் காரில் பீலி இல்லை. கதவுச் சட்டத்தைப் பிடிக்கிற கால் வேண்டும், அதுவும் அந்த மொடலுக்கென்றே வளைத்த தகட்டோடு. 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று கொடுத்தால் ரக் மெல்ல மெல்ல நகர்ந்து பெயின்ரை உரித்துவிடும்.

கூரை எவ்வளவு தாங்கும்? வாகனத்தின் கைநூலில் 50 கிலோ என்றிருந்தால் ரக்கின் பாரமும் அதற்குள்தான். ரக் 15 கிலோ என்றால் சாமானுக்கு மிச்சம் 35. கூரைக்கூடாரம் ஒன்றே 50, 60 கிலோ வரும். "இது உங்கட வாகனத்துக்குச் சரிவராது அண்ணை" என்று சொல்லி ஒரு விற்பனையை விடுகிற கடைக்காரரைத்தான் நான் நம்புவேன்.

பிரிட்ஜ் விஷயத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியைக் கொடுத்து, "சிகரட் லைற்றரில் குத்துங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். கொம்பிரஸர் ஓடும்போது ஏறக்குறைய 5 அம்பியர் இழுக்கும். பின் கதவு வரை 5 மீற்றர் தூரம், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால், போக வர 10 மீற்றரில் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பற்றரி நல்லாய் இருக்கும்போதே பிரிட்ஜ் 'வோல்டேஜ் குறைவு' என்று நின்றுவிடும், பழி பிரிட்ஜுக்கு. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட் கூட வராது. பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 அம்பியர் பியூஸ் கட்டாயம். வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வாகனம் எரியாமல் காப்பது அதுதான். வயரையும் பியூஸையும் பிரிட்ஜோடு சேர்த்துத் தராத கடை, பாதி வேலைதான் செய்திருக்கிறது.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண நாக முலாம் போல்ட்டில் கறள் சீக்கிரம் பிடிக்கும். 316 என்ற தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நல்லது, ஆனால் அலுமினிய ரக்கில் நேரே இறுக்கினால் அலுமினியம் அரிக்கும். இடையில் நைலோன் வாசர் (போல்ட்டில் போடுகிற தட்டை வளையம்), புரியில் கொஞ்சம் கிறீஸ். முதல் 50 கிலோமீற்றரில் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை எங்கள் மணலில் நிற்காது, கச்சான் காற்று அடித்தால் பந்தலோடு பறக்கும். மணல் நிரப்பிய பையைக் கயிற்றில் கட்டிப் புதைப்பதே உறுதி.

காஸ் அடுப்பு வாங்குபவரிடம் எந்தக் குப்பி என்று கேளுங்கள். நீளக் குப்பியும் புரி வைத்த குப்பியும் ஒன்றுக்கொன்று மாறாது.

கடைசியாக, உதிரி. ஒரு சிப் தலை, ஒரு பிளாஸ்ரிக் கவ்வி, நாலு வாசர் தனியாகக் கிடைக்காததால் முழுச் சாமானும் குப்பைக்குப் போகிறது. விற்கிற ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு சின்னப் பெட்டி உதிரி வைத்திருங்கள். வாங்குபவரும் உடைந்த துண்டையும், ரக் கம்பியின் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்த அளவையும் கையோடு கொண்டு போங்கள்.