ராகிக் கஞ்சி விசாரணைக் கமிஷன்

"கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முன்னுரிமை" என்று விமான நிலையத்தில் ஒரு பலகை தொங்குமே, அதை நம்பி யாராவது நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் நடந்தேன். அந்த வரிசையின் வாயில் கயிறு கட்டி மூடியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நாற்காலியின் மேல் ஒரு தண்ணீர் பாட்டில். முன்னுரிமை அந்த பாட்டிலுக்குத்தான் போலிருக்கிறது.

நேற்று நள்ளிரவில்தான் கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அழுக்குத் துணி மலையாகக் கிடக்கிறது, கிடக்கட்டும். இதைக் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்லப் போவதில்லை. வடக்கே ஒரு ஊர், நாத்தனார் வீடு இருக்கும் ஊர். பெயரைச் சொன்னால் "நான் போனப்ப அப்படி ஒண்ணும் இல்லையே" என்று ஒருவர் வருவார். அவருக்குக் குழந்தை இருக்காது.

சோதனையில் ஆண்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை. பெண்களைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பெண் காவலர்தான் சோதிப்பார். நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தைகள் எந்த வரிசை? எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோருக்கும் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது. அம்மா வரிசை.

எங்கள் வீட்டுக்காரர் பர்ஸ், பெல்ட், செல்போன் மூன்றையும் ஒரு ட்ரேயில் போட்டார். கையை விரித்து நின்றார். திரும்பி நின்றார். முடிந்தது. அந்தப் பக்கம் போய் பெல்ட்டை நிதானமாக மாட்டி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து "சீக்கிரம் வா" என்று கையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேற்றுதான் அதை ட்ரேயில் போட்டு அனுப்பலாமா என்று தோன்றியது.

இந்தப் பக்கம் நான். பெரியவனுக்கு நாலு வயது. நடந்தால் விளக்கெரியும் ஷூ. கையில் ஒரு சிவப்புப் பொம்மைக் கார், அதைத் தரமாட்டான். சின்னவளுக்கு ஒன்றரை. ஸ்ட்ரோலரில் அப்போதுதான் தூங்கியிருந்தாள். எப்படித் தூங்கினாள் என்று கேட்காதீர்கள். அதற்காக டாக்ஸியில் பாதி வழிக்கு என் முந்தானை அவள் வாயில் இருந்தது. ஒரு தாயின் வாழ்க்கையில் அந்தத் தூக்கத்துக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்கள் அந்த ஸ்ட்ரோலருக்குப் பக்கத்தில் தும்மக்கூட மாட்டார்கள்.

"பச்சே கோ நிகாலியே."

குழந்தையை எடுக்க வேண்டுமாம். வண்டி மடங்கி எக்ஸ்ரே மெஷினுக்குள் போக வேண்டும், குழந்தை என் மேல் தொங்கியபடி மெட்டல் டிடெக்டர் சட்டத்தைத் தாண்ட வேண்டும். குழந்தையை மெஷினில் விடக் கூடாது, வண்டியை விட்டே ஆக வேண்டும். நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கையில் தூங்குகிற குழந்தை. இன்னொரு கையால் வண்டியை மடக்க வேண்டும். பெரியவனைப் பிடிக்க ஒரு கை. ட்ரேயை நகர்த்த ஒரு கை. கோயில் கோபுரத்தில் நிற்கிற அம்மனுக்கு வேண்டுமானால் அது ஒத்துவரும். அந்த வண்டியை விற்ற கடைக்காரரே அதை இரண்டு கையாலும் ஒரு காலாலும்தான் மடக்கிக் காட்டினார்.

எழுந்தாள். அழுதாள். எப்படிப்பட்ட அழுகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவன் காரைத் தரமாட்டேன் என்றான், பிடுங்கி ட்ரேயில் போட்டேன். அது ரப்பர் திரைக்குள் போய் மறைந்ததும் "மெஷின் என் காரைத் தின்னுடுச்சு" என்று அவனும் ஆரம்பித்தான். பின்னால் ஓர் அம்மணி லேப்டாப் பையோடு "ச்சு" கொட்டினார். இவரெல்லாம் யாரும் பெறாமல் வளர்க்காமல் நேராக ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தவர் போல.

திரைக்குள் போனேன். பெண் காவலர் அந்தக் கைக்கருவியைச் சின்னவளின் இடுப்புப் பக்கம் கொண்டுபோனதும் பீப். மறுபடி பீப். காலருகே பீப். கழுத்தருகே பீப். வெள்ளி அரைஞாண்கொடி, வெள்ளிக் கொலுசு, கழுத்தில் சையத் பாஷா மலை தர்காவில் மந்திரித்துக் கட்டிய தாயத்து. எங்கள் அத்தை கிளம்பும்போது "கண்ணு படக்கூடாது, எதையும் அவுக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். கண் பட்டதோ இல்லையோ, கருவி பட்டுவிட்டது. அந்தக் காவலம்மா பாவம், கவுனைத் தூக்கிக் கொடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் ஊரிலும் கட்டுவார்களாம். இவ்வளவு பெரிய கட்டடத்தில் நேற்று எனக்குக் கிடைத்த ஒரே மனித முகம் அது. அவரைத் திட்டவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிறகு போர்டிங் பாஸ். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் விமானத்தில் இருக்கை கிடையாது, மடியில்தான் பயணம். ஆனால் பாஸ் மட்டும் தனியாக உண்டு. அவளுடையதை அவளே சப்பிவிட்டாள். ஈரமாக, ஒரு மூலை இல்லாமல் இருந்த அந்தக் காகிதத்தை ஒருவர் இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூலையைக் கேட்பாரோ என்று பயந்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மறுநாள் டயப்பரில்தான் கிடைக்கும்.

இதெல்லாம் முன்னுரை. கமிஷன் இனிமேல்தான் கூடுகிறது.

பையை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். "யே பேக் கிஸ்கா?" என்னுடையதுதான். திறந்தார். டயப்பர், துடைக்கிற காகிதம், மாற்றுத் துணி, பாதி கடித்த பிஸ்கட், எல்லாம் மேஜைக்கு வந்தன. கடைசியில் ஃப்ளாஸ்க். மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். மூடினார். யோசித்தார். மறுபடி திறந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் எட்டிப் பார்த்தார், அவரும் முகர்ந்தார்.

"யே க்யா ஹை மேடம்?"

"ராகி கஞ்சி. பேபி ஃபுட்."

"சாக்லேட்?"

"நோ சாக்லேட். ராகி."

"ராகி?"

இதை எப்படிச் சொல்வது? எங்கள் அத்தை ராகியை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துச் சலித்துக் கொடுத்த மாவு இது. கிருஷ்ணகிரியிலிருந்து பெட்டியில் போன மாவு. நாத்தனார் காலையில் எழுந்து காய்ச்சி ஊற்றிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் பல் முளைக்காத குழந்தையிலிருந்து பல் போன தாத்தா வரை இதைத்தான் ஏதோ ஒரு பதத்தில் சாப்பிடுகிறோம். எனக்குத் தெரிந்த இந்தியில் நான் சொன்னது: "பேபி... கானா... அச்சா."

"ஹன்ட்ரட் எம்எல்?" என்றார் இரண்டாமவர்.

அந்த 100 மில்லி விதி எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டிலில் வெடிபொருளைக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கத் திட்டம் போட்டவர்களை லண்டனில் பிடித்தார்கள். அதிலிருந்து உலகம் முழுவதும் தண்ணீர், பசை, க்ரீம் எல்லாவற்றுக்கும் அளவு வந்தது. சரி. ஆனால் அந்த விதியோடு சேர்ந்தே விலக்கும் வந்தது: மருந்துக்கும் பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கும் இந்த 100 மில்லி கிடையாது. கருணைகாட்டி யாரும் எனக்குத் தனியாகக் கொடுத்த சலுகை இல்லை, எழுத்தில் இருப்பது. விதி உலகத்தைச் சுற்றி அந்த மேஜை வரைக்கும் வந்துவிட்டது. விலக்கு மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது.

மூன்றாமவர் வந்தார். இவர் கொஞ்சம் பெரியவர் போலிருக்கிறது, மற்ற இருவரும் நகர்ந்து இடம்விட்டார்கள். ஒரு துண்டுத் துணியால் ஃப்ளாஸ்க்கைச் சுற்றித் துடைத்தார். பிறகு பை. பிறகு என் உள்ளங்கை. அந்தத் துணியை ஒரு மெஷினில் செருகினார். மெஷின் யோசித்தது. நாங்கள் எல்லோரும் மெஷினையே பார்த்தோம். சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு அவளும் பார்த்தாள். வெடிபொருள் இல்லை என்று வந்தது. முடிந்தது என்று நான் பையை இழுத்தேன்.

"ஆப் பீஜியே."

நான் குடித்துக் காட்ட வேண்டுமாம்.

வடக்கே ஏதோ ஓர் ஊரில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றி என் மகளின் கஞ்சியை நான் குடித்தேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். லேப்டாப் அம்மணியும் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரரும் பார்த்தார், "இந்த நேரத்துல இவளுக்கு என்ன பசி" என்கிற மாதிரி. உப்பு கொஞ்சம் குறைவு. நான் சாகவில்லை. தன் கஞ்சியை அம்மா குடிப்பதைக் கண்ணால் கண்ட சின்னவள் எழுப்பிய ஓலத்தில்தான் மூவரும் கொஞ்சம் அசைந்தார்கள்.

"டீக் ஹை. ஜாயியே."

இத்தனை முறை திறந்து மூடினால் ராகிக் கஞ்சி என்ன ஆகும் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டாம். விமானம் மேலே ஏறியதும் காது அடைத்து அவள் கத்த, மூடியைத் திறந்து பால்புட்டியில் கவிழ்த்தேன். வரவில்லை. தட்டினேன். வரவில்லை. களியாகிவிட்டது. பக்கத்தில் கீரைக் குழம்பு இருந்திருந்தால் நானே சாப்பிட்டிருப்பேன். ஊற்ற ஊற்ற வராத ஒரு பொருளுக்காகத்தான் இத்தனை நேரமும் திரவ விசாரணை.

பெரியவனின் கார்? அதை ட்ரேயோடு வீட்டுக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்த்தார்.

சரி, இறங்கினோம். வானத்தில் வந்தது மூன்று மணி நேரத்துக்குள். பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே, நாம் ஊருக்குத் தெற்கே. ஹெப்பாள், சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி டோல், ஓசூர், சூளகிரி என்று ஊர்ந்து வீடு சேர்வதற்குள் பெரியவன் "இன்னும் விமானத்துலதான் இருக்கோமா" என்று கேட்டுவிட்டான்.

நான் புலம்புவதைக் கேட்டு ஒரு சொந்தக்காரர் காலையில் போனில் புத்தி சொன்னார்: "குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எதுக்கும்மா ப்ளைட்டு? ரயில்ல போக வேண்டியதுதானே?" எந்த ரயில்? எங்கே ஏறுவது? கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம் ஐயா. இந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஓசூர் போ, இல்லையென்றால் தருமபுரி போ, அதுவும் இல்லையென்றால் ஜோலார்பேட்டை போ. 1905ல் வெள்ளைக்காரன் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு குட்டி ரயில் விட்டிருக்கிறான். அதையும் பிறகு மூடிவிட்டார்கள். 1905ல் இருந்தது இப்போது இல்லை, இதற்குப் பெயர் வளர்ச்சி.

ஓசூருக்கு விமான நிலையம் வருகிறது என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்காகப் போட்ட பழைய ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர 150 கிலோமீட்டருக்குள் இன்னொரு சர்வதேச விமான நிலையம் 2033 வரை வரக் கூடாது என்று இருக்கிறது. அது வந்து திறப்பதற்குள் என் பெரியவன் அவன் அப்பா மாதிரியே தன் பெல்ட்டைத் தானே கழற்றி, தானே மாட்டி, அந்தப் பக்கம் நின்று எனக்குக் கையாட்டுவான்.

இதையெல்லாம் காலையில் அத்தையிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். தாயத்து பீப் அடித்தது, ஸ்ட்ரோலர், மூன்று அதிகாரிகள், நடுக்கூடத்தில் கஞ்சி குடித்தது, எல்லாம். கண்கூடக் கலங்கிவிட்டது எனக்கு. அத்தை வாயே திறக்காமல் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு நிதானமாக,

"எம் பொண்ணு காச்சுன கஞ்சியில உப்பு கம்மியா இருந்துதா?" என்றார்.

அப்போதிலிருந்து எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கு இல்லை. பக்கத்து வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. இதோ, நாத்தனாரிடமிருந்து போன் அடிக்கிறது. வீட்டுக்காரர் எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு "சீக்கிரம் பேசு" என்று கையை ஆட்டுகிறார்.