மருந்தோடு முடிவதில்லை

"அமெரிக்காவில் மெத்தடோனை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், சட்டமும் அவ்வளவுதான் கேட்கிறது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது தவறு. மெத்தடோன் என்பது அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையாகத் தரும் மருந்து. அங்குள்ள மத்திய அரசு விதிப்படி மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை, தொழில், கல்வி உதவி எல்லாமே அதைத் தரும் சிகிச்சை மையத்தின் கடமை. தன்னிடம் இல்லாததை வேறொரு இடத்தோடு முறையாக ஒப்பந்தம் செய்தாவது தர வேண்டும். கர்ப்பிணி வந்தால் பேறுகாலக் கவனிப்பும் சேரும். ஆலோசனைக்கு வர மறுத்தார் என்பதற்காக மருந்தை மறுக்கக் கூடாது என்றும் 2024 திருத்தம் சொல்கிறது.

பல்லடத்தில் எங்கள் தெருவில் தறி ஓட்டும் பையன் ஒருவன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவன். முழங்கை மடிப்பில் தழும்பு இன்னும் கறுத்துக் கிடக்கிறது. உங்கள் வரியைப் படித்த அவன் அம்மா, "வெறும் மருந்துதானா கண்ணு, அதற்கு எதற்குப் போக வேண்டும்?" என்று என்னிடம் கேட்டார். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள்.