85 சதவீதம் முழுச் சொத்துக்கும் இல்லை

"இந்தியாவில் 1985 வரை இறந்தவர் சொத்தில் 85 சதவீதத்தை அரசு எடுத்துக்கொண்டது" என்றும், அது குடும்பங்களை மொட்டையடித்தது என்றும் சிலர் சொல்வது தவறு. 1953 சட்டத்தின் மரண வரி, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி, சொத்து மதிப்பு கூடக்கூடப் படிப்படியாக ஏறும் வரி. உச்ச விகிதமான 85 சதவீதம், 20 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். அந்தக் காலத்து 20 லட்சம்!

அந்த வரி தோல்வியடைந்த காரணம் வேறு. ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான், நிர்வாகச் செலவோ அதிகம். அதே சொத்துக்குச் செல்வ வரி (உயிரோடு இருப்பவரின் சொத்து மதிப்பின் மீது ஆண்டுதோறும் விதித்த வரி) நடைமுறையும் தனியாக ஓடியது. அதனால்தான் அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் தன் 1985 பட்ஜெட்டில் அதை நீக்கினார். சமத்துவத்துக்குப் பெரிதாக உதவவில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம், குடும்பங்களை மொட்டையடித்தது என்பது மிகை.

இன்று சொத்து வாரிசுக்கு வரும்போது வருமான வரி கிடையாது. விற்று லாபம் வந்தால்தான் மூலதன ஆதாய வரி. அந்த லாபத்தைக் கணக்கிடவும், முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையே அடிப்படை.