வாசா கப்பலின் கேப்டன் குடித்திருந்தாரா?

ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே மூழ்கியதற்குக் காரணம், கேப்டன் சோஃப்ரிங் ஹான்சன் குடித்துவிட்டு பீரங்கிகளைக் கட்டாமல் விட்டதுதான், அதற்காக அவருக்கு மரண தண்டனை கிடைத்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் கப்பல் ஏறக்குறைய 1,300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த கீழ்வரிசை பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. உடனே ஹான்சனைக் கைது செய்தார்கள். விசாரணையில், பீரங்கிகள் கட்டப்படாமல் இருந்திருந்தால் என்னை ஆயிரம் துண்டாக வெட்டுங்கள் என்றார். யாரும் குடித்திருக்கவில்லை என்று சத்தியமும் செய்தார்.

1961இல் கப்பலை வெளியே எடுத்தபோது, கீழ்த்தளத்தில் பீரங்கிகளைத் தாங்கும் சக்கர வண்டிகள் பெரும்பாலும் அவற்றின் இடத்திலேயே வரிசையாக நின்றன. கட்டாமல் விட்டிருந்தால், கப்பல் சாய்ந்தபோது அவை ஒரு பக்கமாக உருண்டிருக்கும். 333 வருடம் கழித்து அவர் சொல்லுக்குக் கிடைத்த சாட்சி அது! படிக்கும்போதே மனசு கனக்கிறது.

சரி, உண்மைக் காரணம்? மேல்பகுதியின் எடை அதிகம். புறப்படும் முன் 30 பேரைத் தளத்தில் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட, அட்மிரல் கிளாஸ் ஃப்ளெமிங் சோதனையை நிறுத்தினார். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை.

கடைசியில் ஹான்சன் உட்பட யாருக்கும் தண்டனை இல்லை.