முசுறைக் கொளுத்தியாச்சு, சரி, பூச்சி?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கை முகப்பில் நடந்த வீரச்செயலின் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நீட்டுக் கம்பில் மண்ணெண்ணெய்ப் பந்தம், கீழே கைதட்டல், கறுத்தக்கொழும்பான் மாமரத்தில், இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற செவ்வெறும்பான முசுறின் ஏழு கூடு சாம்பல். “பிசினுக்கு முடிவு கட்டியாச்சு” என்று தலைப்பு வேறு.

பிசினுக்குக் காரணம் முசுறு இல்லை. அன்றைக்கே வீடியோவுக்குக் கீழே எழுதினேன், சிரிப்பு முகம்தான் வந்தது, அதனால் திரும்ப எழுதுகிறேன். மரத்தடியில் நிறுத்தின ஸ்கூட்டி சீற்றில் ஒட்டுகிறதே, அது வெண்மூட்டுப் பூச்சியும் (மாவுப்பூச்சி) செதில் பூச்சியும் கழிக்கிற சீனித்தண்ணி. மரச்சாற்றில் சீனி கூட, பூச்சிக்கு வேண்டிய மற்றச் சத்து கொஞ்சம், ஆகவே நாள் முழுக்க உறிஞ்சிவிட்டு மிஞ்சின சீனியைப் பின்பக்கத்தால் விடுகிறது. இலையில் கரி பூசினமாதிரிப் படிவது அதில் வளர்கிற பூஞ்சணம். இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் கழுவிவிட மழையும் இல்லை. முசுறு அதைக் குடிக்க வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் தேசி மரத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முசுறு மீசையால் பூச்சியின் முதுகில் தட்டத் தட்ட ஒரு துளி எட்டிப் பார்க்கும், அதை வாயில் வாங்கிக்கொண்டு அடுத்த பூச்சிக்குப் போகும். தம்பலகாமத்தில் அம்மம்மாவின் பசு, கன்று முட்டினால்தான் பால் இறக்கும். அதே வேலை.

“அந்தப் பூச்சிக்குக் காவலே முசுறுதானே அண்ணை?” என்கிறார் ஒரு தம்பி. உண்மை. பொறிவண்டு வந்தால் துரத்தும், இலையைத் தைத்துப் பூச்சிக்குக் கூடாரமும் போடும். அதற்கு, விடியக்காலையில் கூட்டைக் கிளையோடு வெட்டிச் சாக்கில் இறக்கி, தண்டில் பொலித்தீன் சுற்றிக் கிரீஸ் பூசி, மதிலையும் கேபிளையும் தொடுகிற கிளையைக் கழித்திருந்தால் போதும், பொறிவண்டு தானாக வந்திருக்கும். 2008இல் இலங்கைக்குள் வந்த பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி எங்கள் முற்றத்துப் பப்பாசியையும் மாவில் புரட்டிப் போட்டது. அதை அடக்கியது பந்தமா? வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, எள்ளளவும் இல்லாத குளவி.

கடிக்கும், பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்கிறார்கள். கடிக்கும்தான். அதற்கென்ன, தள்ளி விளையாடட்டும்.

அப்புறம், “நீர் என்ன விவசாயப் போதனாசிரியரா?” இல்லை ஐயா, இருபத்தெட்டு வருடமாகப் பலசரக்குக் கடைக்காரன். சீனிச் சாக்கில் எறும்பு ஏறினால் எறும்புக்கு நெருப்பு வைப்பதில்லை, சாக்கின் ஓட்டையைத் தைக்கிறேன். சீனாவில் தோடை மரத்துப் பூச்சிகளைப் பிடிக்க முசுறுக் கூட்டைக் காசு கொடுத்து வாங்கின காலம் இருந்தது. இங்கே நான் சொன்னால் “முசுறுக்கு வக்கீல்”. அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் மூன்று பேரின் பெயர் என் கடன் கொப்பியில் இருக்கிறது. கறுத்தக்கொழும்பானுக்கு வாய் ஊறுகிற நேரம் மட்டும் இதே வாய்கள் “அண்ணை, அண்ணை” என்று வரும்.

நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். கிளை கருகி இலை சுருண்டு கிடக்கிறது. பந்தம் எட்டாத நுனிக் காம்புகளில் பூச்சி வெள்ளையாக அப்படியே இருக்கிறது. சின்னக் கறுப்பு எறும்பு நாலைந்து, முசுறு விட்ட இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. ஸ்கூட்டி இன்றைக்கும் ஒட்டுகிறதாம்.