நியூ டயமண்ட்: யார் எல்லைக்குள் யார் நுழைந்தது?

"2020-ல் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது இந்தியக் கடலோரக் காவல்படை அனுமதியே இல்லாமல் இலங்கைக் கடல் எல்லைக்குள் புகுந்தது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அனுமதி இல்லை என்பது, எல்லைக்குள் புகுந்தது என்பது, ரெண்டுமே தப்பு.

முதலில், அழைத்ததே இலங்கைக் கடற்படைதான். செப்டம்பர் 3 அன்று தீப்பிடித்ததும் உதவி கேட்டார்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் சௌர்யா, சாரங் முதலான கப்பல்களும் டோர்னியர் கண்காணிப்பு விமானமும் போயின.

ரெண்டாவது, சம்பவம் நடந்தது இலங்கையின் கிழக்கே உள்ள அம்பாறைக் கரையிலிருந்து சுமார் 38 கடல் மைல் தள்ளி. ஒரு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் 12 கடல் மைலோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி இருப்பது இலங்கையின் தேடல்-மீட்புப் பொறுப்புப் பகுதி. பொறுப்பு என்றால், ஆபத்துக் குரல் வந்தால் மீட்பை ஒருங்கிணைக்கும் கடமை. பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. கடலில் தேடல்-மீட்பு பற்றிய 1979 ஹாம்பர்க் உடன்படிக்கையே பக்கத்து நாடுகள் கைகோத்து மீட்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

"எண்ணெய் முழுக்கக் கடலில் கொட்டியது" என்பதும் உண்மையில்லை. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய் தொட்டிகளிலேயே இருந்தது. தீ பின்பக்கம், இன்ஜின் அறைப் பக்கம். அது முன்னால் இருந்த தொட்டிகளுக்குப் பரவாமல் இருக்கத்தான் இரு நாட்டுக் கப்பல்களும் விடாமல் தண்ணீர் பீய்ச்சின. அணைந்த தீ 7-ம் தேதி மறுபடி பற்றியும் அடக்கினார்கள். கசிந்தது கப்பலின் சொந்த எரிபொருள்தான், அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் இல்லை. ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி இறந்துபோனார். மற்ற 22 பேரும் மீட்கப்பட்டார்கள். "ஆக்கிரமிப்பு" என்று எழுதும் முன் இதையும் பார்த்திருக்கலாம்.