பேட்டரி விளக்குக்கு மட்டும்தான்

"வீட்டில் செய்யும் லூப் ஸ்விட்ச் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுக்காவிட்டால் கிட்டார் சத்தமே வராது" என்று மேலே ஒருத்தர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. லூப் ஸ்விட்ச் பெட்டி என்பது, கிட்டார் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெடலை சிக்னல் வழியில் சேர்க்கவும் விலக்கவும்தான். அதில் மிதிக்கும் 3பிடிடி ஃபுட்ஸ்விட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், ஒயரைப் பற்றவைக்க ஒன்பது உலோகக் கால்கள் இருக்கும். உள்ளே மூன்று தனித்தனி ஸ்விட்ச்கள். ஒரே மிதியில் மூன்றும் மாறும். இரண்டு வழியாகக் கிட்டார் சிக்னல் போகிறது, மூன்றாவது எல்இடிக்கு. பேட்டரி தீர்ந்தால் விளக்குதான் அணையும். எல்இடியே வேண்டாம் என்றால் உள்ளே இரண்டு ஸ்விட்ச் மட்டும் உள்ள ஆறு கால் டிபிடிடி போதும்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பாஸ் கம்பெனியின் சின்ன பெடல்களில் எஃப்ஈடி என்ற டிரான்சிஸ்டர் வழியாக மாற்றுகிறார்கள். அதற்குக் கரண்ட் இல்லாவிட்டால் ஊமைதான். நாம் செய்வது வெறும் ஒயரும் ஜாக்கும்.

மிதிக்கும்போது 'டப்' என்று கேட்பதற்கும் பெரும்பாலும் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. எஃபெக்டின் கப்பாசிட்டரில் கசியும் டிசி அது. எஃபெக்டுக்குப் போகும் சென்ட் ஜாக், அங்கிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் ஜாக் இரண்டிலும் கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள், நன்றாகவே குறையும். சால்டரிங் அயனை ஒரு காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடும். நான் இரண்டு ஸ்விட்ச்சைப் பலி கொடுத்திருக்கிறேன்.